பட்டைமுனைப் பேனாவும் அதற்கேற்ற மையும்

ஆனி, ஆடி மாதங்களில் மூணாற்றிலோ பீருமேட்டிலோ மழைமானியைப் பார்த்துக் குறிக்கும் ஊழியர் ஒருவர், காலை 8.30 மணிக்குக் குடையைத் தோளில் சாய்த்தவாறு அளவைப் பதிவேட்டில் எழுதுகிறார். குடையின் விளிம்பிலிருந்து ஒரு துளி நீர் ஏட்டின் மீது விழுகிறது. எழுதிய எண் நீலக் கறையாகிவிடுகிறது. அது 61ஆ, 67ஆ, 81ஆ என்று மாத முடிவில் கூட்டிப் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. வானத்திலிருந்து விழுந்த நீரைச் சரியாக அளந்தும், குடையிலிருந்து விழுந்த ஒரு துளியால் அந்த அளவு பயனற்றுப் போகிறது.

அதே மைப்புட்டியைத் தை மாதத்தில் பாலக்காட்டுச் சிற்றூர் வட்டத்தில் உள்ள ஒரு தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டு செல்வோம். ஆசிரியர் பட்டைமுனைப் பேனாவால் மாணவர்க்கு மேல்வரி எழுதிக் கொடுக்கிறார். ஒரு சொல்லை விளக்குவதற்காகப் பேனாவை மூடாமல் சற்றே நிறுத்துகிறார். மீண்டும் எழுதத் தொடங்கினால் முதற்கோடு விழுவதில்லை, பேனாவை உதறவேண்டியிருக்கிறது. ஓரிடத்தில் உலராத மை மற்றோரிடத்தில் நிப்பிலேயே உலர்ந்துவிடுகிறது. ஆகவே, நல்ல மை எது என்று கேட்பதைவிட, எந்த நிப்புக்கு, எந்தக் காகிதத்தில், எந்தக் காற்றில் எது நல்ல மை என்று கேட்பதே பொருத்தமாகும்.

பாலக்காடு மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் ஒன்றையொன்று தொடுவன அல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எல்லை வழியே செல்பவர் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் என்று தமிழ்நாட்டின் ஊடாகச் சென்று மூணாற்றை அடைகின்றார். இரு மாவட்டங்களிலும் தமிழ் வழியில் கற்பிக்கும் பள்ளிகள் உள்ளன. கேரளத்தில் 2016 டிசம்பரில் ஹரித கேரளம் இயக்கம் தொடங்கியபின், எறியப்படும் பிளாஸ்டிக் பேனாக்களைக் குறைக்கும் பொருட்டு மைப்பேனா பள்ளிகளில் மீண்டும் ஊக்குவிக்கப்பட்டது. பேனா திரும்பிவந்தால் மையைப் பற்றிய அறிவும் உடன் வரவேண்டும்.

முதலில் நிப்பை நோக்குவோம். சாதாரண நிப்பின் முனையில் உருண்டையான சிறு மணி இருக்கும்; எத்திசையில் இழுத்தாலும் கோட்டின் பருமன் ஏறத்தாழ ஒன்றே. 'இட்டாலிக்' எனப்படும் நிப்பின் முனையோ உளியைப்போல் பட்டையாக வெட்டப்பட்டது. பட்டைக்குக் குறுக்காக இழுத்தால் கோடு 1 மி.மீ. அகலத்துக்கு விழும், பட்டையின் போக்கிலேயே இழுத்தால் மயிரிழை போல் விழும். 1522ஆம் ஆண்டில் ரோமாபுரியில் அர்ரிகி என்னும் எழுத்தர் வெளியிட்ட கையேடு இவ்வகை எழுத்தைப் பலருக்கும் கற்பித்தது. இத்தாலியில் தோன்றியதால் அப்பெயர் பெற்றது. எழுத்துச் சாய்ந்திருப்பதால் பெற்றதன்று.

இந்நிப்பின் அழகும் பயனும் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கின்றன. மை காகிதத்தில் பக்கவாட்டில் ஊறிப் பரவுமானால் மெல்லிய கோடுதான் முதலில் கெடும். ஒவ்வொரு பக்கத்திலும் 0.2 மி.மீ. ஊறியது என்று கொள்க. 1 மி.மீ. கோடு 1.4 மி.மீ. ஆகும், கண்ணுக்கு அது பெரிதாகத் தோன்றாது. ஆனால் 0.2 மி.மீ. இழை 0.6 மி.மீ. ஆகி மும்மடங்கு தடித்துவிடும். ஆகவே மையைச் சோதிப்பவர் தடித்த கோட்டின் கருமையைக் கண்டு மகிழ்ந்துவிடாமல், மெல்லிய கோட்டையே பார்த்தல் வேண்டும்.

தமிழ் எழுத்துக்கு இது இன்னும் முக்கியமானது. மூன்று சுழி ணகரத்துக்கும் இரண்டு சுழி னகரத்துக்கும் உள்ள வேற்றுமை ஒரு சிறு சுழியே. ஊறும் மையால் சுழிகள் அடைந்துபோனால் பணி பனியாகும்; ஆணை ஆனையாகும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயர் இவ்வாறு மாறிப் படிக்கப்பட்டால், பின்னர் அதைத் திருத்தப் பெற்றோர் அலுவலகந்தோறும் அலையவேண்டியிருக்கும். மெய்யெழுத்தின் புள்ளியும் அவ்வாறே. காகிதத்தில் பரந்து மேல்வரியோடு ஒட்டிக்கொண்டால் புள்ளி என்று யாரும் கொள்ளமாட்டார்கள். 8 மி.மீ. இடைவெளியுள்ள பதிவேட்டு வரிகளுக்கு 0.6 முதல் 0.8 மி.மீ. வரை அகலமுள்ள நிப்பே போதும். 1.1 மி.மீ., 1.5 மி.மீ. நிப்புக்களை மேல்வரி எழுதுவதற்கும் தலைப்புக்களுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இனி மை. கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை நீரில் கரைத்த சாயங்களே. இவை நிப்பை அரிப்பதில்லை, எளிதில் கழுவலாம், சட்டையில் பட்டாலும் பெரும்பாலும் போய்விடும். சட்டையிலிருந்து போகும் மை ஏட்டிலிருந்தும் போகும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். வெயிலில் நாளடைவில் வெளுக்கவும் செய்யும். மாணவரின் பயிற்சி ஏடுகளுக்கு இது முற்றிலும் பொருந்தும். நிலையான பதிவுகளுக்குப் பொருந்தாது.

மற்றொன்று இரும்பும் டானினும் சேர்ந்த மை. இதன் மூலப்பொருள்கள் நம் நாட்டு மருந்துக் கடைகளில் உள்ளவையே: மாசிக்காய் அல்லது கடுக்காய், அன்னபேதி, பிசின். கடுக்காய் மரம் ஆனைமலைப் பகுதியின் வறண்ட இலையுதிர் காடுகளில் வளர்வதை வனப் பணியாளர் அறிவர். காயின் தோலில் டானின் மிகுதி. அன்னபேதி என்பது இரும்பின் ஓர் உப்பு. இவ்விரண்டும் கலந்த திரவம் புதிதாக இருக்கும்போது வெளிறியே காணப்படும். எழுதினால் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் தொழிற்சாலையில் சிறிது நீலச் சாயம் சேர்ப்பார்கள். எழுதியபின் காற்றிலுள்ள பிராணவாயு இரும்பைத் தாக்கி அதன் நிலையை மாற்றுகிறது. அப்போது நீரில் கரையாத கறுப்புப் பொருள் காகித இழைகளுக்கு இடையிலேயே உண்டாகிறது. வெளியிலிருந்து பூசிய சாயம் போலன்றி, இழைக்குள்ளேயே பிறந்த கறுப்பு ஆதலால் நீர் அதைக் கொண்டுபோக முடிவதில்லை. எழுதும்போது நீலமும் மறுநாள் கறுப்புமாக இருப்பதால்தான் இதற்கு 'நீலக்கறுப்பு மை' என்ற பெயர் வந்தது.

இந்தப் பெயரே இக்காலத்தில் ஏமாற்றத்துக்கு இடமளிக்கிறது. 'நீலக்கறுப்பு' என்று ஒட்டப்பட்ட புட்டிகள் பலவற்றில் இரும்பு சிறிதும் இல்லை. நீலச் சாயமும் கறுப்புச் சாயமும் கலந்த நீரே உள்ளது. இந்தியத் தர நிர்ணயத்தில் இவ்விரு வகைகளுக்கும் தனித்தனி எண்கள் உண்டு. 220ஆம் எண் இரும்பு 0.1 சதவீதம் உள்ள ஊற்றுப்பேனா மைக்கு உரியது; 1221ஆம் எண் சாய மைகளுக்கு உரியது. புட்டியின் மேல் எண் காணப்படாவிட்டால் ஒரு நாள் பொறுத்துச் சோதிப்பதே வழி. அச்சோதனை பின்னர்க் கூறப்படும்.

மூன்றாவதாகக் கரி மை. ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறிய பள்ளங்களில் நம் முன்னோர் தடவிய விளக்குக் கரி நூற்றாண்டுகள் கழிந்தும் வெளுக்கவில்லை. ஆயினும் படம் வரைவோர் பயன்படுத்தும் 'இந்தியன் இங்க்' எனும் கரி மையை ஊற்றுப்பேனாவில் ஒருபோதும் ஊற்றலாகாது. அதிலுள்ள அரக்கு உலர்ந்து குழாயை அடைத்துவிடும். அப்பேனாவை மீட்பது அரிது. ஊற்றுப்பேனாவுக்கென்றே மிக நுண்ணிய துகள்களால் செய்த நிறமி மைகள் இப்போது கிடைக்கின்றன. விலை அதிகம்; அடிக்கடி கழுவாதவர்க்கு அவை ஏற்றவை அல்ல.

மை காகிதத்தில் ஏன் ஊறுகிறது? காகிதம் என்பது நார்களின் பின்னல். நார்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மையை இழுக்கின்றன. இதைத் தடுக்கவே ஆலையில் காகிதத்துக்குப் பசை ஏற்றுகிறார்கள். நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்கள் சேர்ந்த மை தாராளமாக ஓடும். அதே காரணத்தால் தாராளமாக ஊறவும் செய்யும். பட்டைமுனை நிப்பு சாதாரண நிப்பைவிட இருமடங்கு அகலத்துக்கு மையை இடுவதால் குற்றமும் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் மை மிகவும் வறண்டதாக இருந்தாலும் தீமையே. பட்டையின் கூரிய மூலைகள் காகிதத்தைக் கீறும். கோட்டின் நடுவே வெள்ளை விழும்.

மூணாற்று மழைக்காலத்தில் காற்று ஏறக்குறைய முழு ஈரத்தோடு இருக்கும். காகிதம் அவ்வீரத்தை உண்டு தளர்கிறது; எழுதிய மையிலிருந்து நீர் ஆவியாவதும் தாமதமாகிறது. கிளிசரின் மிகுந்த, மெதுவாக உலரும் மை அங்கே பயனற்றது. பாலக்காட்டுக் கணவாயில் மார்கழி, தை மாதங்களில் வீசும் கிழக்குக் காற்றோ வறண்டது, வேகமுடையது. பட்டைமுனையின் விளிம்பு அகன்றிருப்பதால் காற்றில் படும் மையும் அதிகம். ஆகையால் நிப்பு விரைவில் உலர்கிறது. அங்கே சிறிது கிளிசரின் உள்ள மை உதவும். மறையூர் இடுக்கி மாவட்டத்தில் இருந்தாலும் மழை மறைவுப் பிரதேசம். மூணாற்றிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் அங்கே செல்லும் பணியாளர் இரண்டு காற்றையும் ஒரே நாளில் சந்திக்கிறார். பதிவேட்டைப் பொறுத்தவரை இரண்டு இடங்களிலும் இரும்பு மையே தகும். வறண்ட இடத்தில் அதற்குரிய குறையை, எழுதாத நேரத்தில் பேனாவை மூடிவைக்கும் பழக்கத்தால் பெரும்பாலும் போக்கிக்கொள்ளலாம். ஈரமான இடத்தில் எழுத்து ஊறிப்போகும் குறைக்குப் பழக்கத்தால் மாற்று இல்லை.

மலையேறுவோர்க்கு வேறொரு தொல்லையும் உண்டு. பாலக்காட்டில் பாதி மையோடு சட்டைப் பையில் செருகிய பேனா மூணாற்றில் திறக்கும்போது மூடி முழுதும் மையாக இருக்கும். பேனாவைக் குறைகூறிப் பயனில்லை. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 76 செ.மீ. பாதரச உயரம், 1,500 மீட்டர் உயரத்தில் அது ஏறத்தாழ 63½ செ.மீ. அளவே. பேனாவினுள் 1 மி.லி. காற்று அடைபட்டிருந்தால், பாயிலின் விதிப்படி அது மலைமேல் சற்றேறக்குறைய 1.2 மி.லி. ஆக விரியும். அவ்வாறு விரியும் காற்று 0.2 மி.லி. மையை, அதாவது நான்கு துளிகளை, வெளியே தள்ளுகிறது. பயணத்துக்கு முன் பேனாவை முழுதும் நிரப்ப வேண்டும். அல்லது முழுதும் காலியாக்க வேண்டும். வழியில் நிப்பு மேல்நோக்கி இருக்கவேண்டும். அப்போது மைக்குப் பதிலாகக் காற்றே வெளியேறும். பாயிலின் விதியைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதைவிட நெருங்கிய உதாரணம் கிடைப்பது அரிது.

மையைத் தேர்ந்தெடுக்கும் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. பயன்படுத்தப் போகும் பதிவேட்டின் கடைசித் தாளிலேயே எழுதவேண்டும்; உயர்ந்த வழவழப்பான காகிதத்தில் எல்லா மையும் நன்றாகவே தோன்றும். பணி, பனி என்னும் இரு சொற்களையும், குறுக்கே சில மெல்லிய கோடுகளையும் எழுதி, சுழிகள் திறந்துள்ளனவா என்றும், இழைகளின் ஓரத்தில் வேர்போலப் பிரிந்து ஓடுகிறதா என்றும் நோக்குக. தாளின் மறுபுறத்தையும் பார்க்கவேண்டும். ஒரு நிமிடம் கழித்து விரலால் தேய்த்தால் இழுகக்கூடாது. மழைக்கால மலையூரில் மூன்று நிமிடம் வரை பொறுக்கலாம். பேனாவை மூடாமல் இரண்டு நிமிடம் வைத்திருந்து, உதறாமல் எழுதுக. பின்னர் அத்தாளை ஒரு நாள் காற்றோட்டமான இடத்தில் வைத்து, எழுத்தின் பாதிமேல் சில துளி நீரைவிட்டு, ஐந்து நிமிடத்துக்குப்பின் பஞ்சால் ஒற்றியெடுக்கவேண்டும். நீலம் கலைந்தாலும் கறுத்த கோடு அப்படியே நிற்குமானால் அது இரும்பு மை. எல்லாமே கரைந்துபோனால், புட்டியில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் அதைப் பதிவேட்டுக்குக் கொள்ளலாகாது.

வகுப்பறையில் இம்மையைச் செய்தும் காட்டலாம். 10 கிராம் கடுக்காய்த் தோல் பொடியை 100 மி.லி. கொதிநீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, 3 கிராம் அன்னபேதியும் சிறிது கருவேலம் பிசினும் சேர்த்தால் மை ஆயிற்று. உடனே எழுதிய வரியையும் மறுநாள் அதே வரியையும் மாணவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். தொட்டெழுதும் பேனாவுக்கு மட்டுமே இது உதவும். இதிலுள்ள பிசினும் வண்டலும் ஊற்றுப்பேனாவை அடைத்துவிடும். மீந்த மையில் சில நாட்களில் பூஞ்சணம் பூக்கும். கடை மையில் அதைத் தடுக்கப் பீனால் போன்ற பொருள்களைச் சேர்ப்பதுண்டு.

இரும்பு மையில் அமிலம் உண்டு. அமிலம் இல்லாவிட்டால் புட்டியிலேயே அது கறுத்து அடியில் தங்கிவிடும். ஆகையால் அதற்குத் துருவேறா எஃகு நிப்போ பொன் நிப்போ வேண்டும். சாதாரண எஃகை அது அரித்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேனாவைத் தண்ணீரில் கழுவவேண்டும். வெந்நீர் ஆகாது. மை கெட்டியாகிவிட்டது என்று ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுவது தவறு. அந்நீரிலுள்ள உப்புக்கள் மையைத் திரியச் செய்யும். இரண்டு புட்டிகளில் மீந்ததை ஒன்றாகக் கலப்பதும் அவ்வாறே. கலந்து திரிந்த மையை வடிகட்டி மீண்டும் பேனாவில் ஊற்றுவோர் உண்டு; அதில் நிறத்தைத் தந்த பொருள் வடிதுணியிலேயே தங்கிவிட்டிருக்கும்.