கேமரா கம்ப்யூட்டருக்கு எந்த லைசென்ஸ்?



கூட்டமைப்பு அலுவலகத்தில் பணம் எண்ணும் மேசைக்கும் பீரோவுக்கும் எதிரே கேமரா வைக்கிறோம். அந்தப் படம் ஒரு கம்ப்யூட்டரில் ராத்திரி பகலாகப் பதிவாகிறது. பத்து நாள் கழித்துக் கணக்கில் சந்தேகம் வந்தால், யார் மேலும் வீண்பழி விழாமல் காப்பது அந்தப் பதிவுதான். அதனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள் எதைப் போடுகிறோம் என்பதைக் கடைக்காரரிடம் விட்டுவிடாமல் நாமே தெரிந்து முடிவெடுக்கணும்.

லைசென்ஸ் என்றால் என்ன?

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் இந்த வகை. விண்டோஸுக்குக் காசு கொடுக்கும்போது, அதைப் பயன்படுத்தும் அனுமதியைத்தான் வாங்குகிறோம். அந்த அனுமதியே லைசென்ஸ், அதாவது உரிமம்.

"அக்கா, விண்டோஸ் நானே போட்டுத் தரேன், அதுக்குக் காசு வேணாம்" என்று சொன்னால் உஷாராகுங்கள். திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் உண்டு. லாப நோக்கம் இல்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம், அபராதம் விதிக்கலாம். இன்னொரு ஆபத்து, திருட்டு நகலோடு வைரஸும் வரலாம். வைரஸ் புகுந்தால் பதிவு முழுவதும் போய்விடவும் கூடும்.

விண்டோஸில் இரண்டு வகை

1. ஓஇஎம்: புதுக் கம்ப்யூட்டரோடு சேர்ந்து வருவது. போட்டோ ஒட்டிய பஸ் பாஸ் மாதிரி, அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். வேறு கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியாது.

2. ரீடெயில்: தனியாக வாங்குவது. விலை கூடுதல். பழைய கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் போடலாம்.

பதிவுக்கு ஹோம் பதிப்பே போதும். வேறு இடத்திலிருந்து விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இந்தக் கம்ப்யூட்டரை இயக்கணும் என்றால் புரோ பதிப்பு தேவை.

பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இருக்கிறதா? அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பழைய கம்ப்யூட்டர் பலவற்றில் அது இருக்காது. வாங்குமுன் கேளுங்கள்.

காசில்லாத நேர்மையான வழி

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளுக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது. யாரும் சட்டப்படி நகல் எடுக்கலாம். கேமராப் பதிவுக்கு ஜோன்மைண்டர் என்ற இலவச மென்பொருளும் உண்டு. ஆனால் கேமரா கம்பெனிகள் தரும் மென்பொருளில் பல விண்டோஸில் மட்டுமே ஓடும். லினக்ஸ் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். இரண்டும் சரிவரவில்லை என்றால் என்விஆர் பெட்டி வாங்கலாம். அதற்குத் தனியாக விண்டோஸ் வாங்க வேண்டியதில்லை.

வாங்கும் வரிசை

1. முதலில் கேமராவையும் பதிவு மென்பொருளையும் முடிவு செய்யுங்கள்.
2. அது எதில் ஓடும் என்று கேட்டு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.
3. லைசென்ஸ் வகையும் விலையும் பில்லில் தனி வரியாக, கூட்டமைப்பின் பெயரில் இருக்கட்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெறும் 'கீ' எண்ணை நம்பாதீர்கள்.
4. செயற்குழுவில் தீர்மானம் போட்டு, பில்லைத் தீர்மானப் புத்தகத்தோடு வையுங்கள்.

குழுவில் பேசிப் பாருங்கள்

* நம் அலுவலகக் கம்ப்யூட்டருக்கு லைசென்ஸ் இருக்கிறதா? பில் யாரிடம் இருக்கிறது?
* பதிவைப் பார்க்கும் பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கணும்?

உறுப்பினர் சேமிப்புக்குப் பத்து ரூபாய் என்றாலும் ரசீது கேட்கிறோம். கம்ப்யூட்டருக்குள் இருப்பதற்கும் அதே மாதிரி ரசீது கேட்போம்.