மாத்திரை தொடங்கியதும் அம்மாவுக்குத் தூக்கம் போனது ஏன்?

ஹட்டனில் படிக்கும் அன்புத் தங்கைக்கு,

கிளினிக்கில் மனச்சோர்வுக்கு ஃபுளுவொக்ஸெட்டின் மாத்திரை கொடுத்த பிறகு, அம்மாவுக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தூக்கமும் போய்விட்டது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தாய். டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

மாத்திரைக்கு முன்பே அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு முழித்து, வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும்வரை அடுப்படியில் உட்கார்ந்திருப்பார் என்று நீயே எழுதியிருக்கிறாய். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் விசாரிக்கும் அறிகுறிகளில் இந்த விழிப்பும் ஒன்று. ஆகவே தூக்கம் கெட்டதற்கு நோயும் காரணமாக இருக்கலாம், மாத்திரையும் காரணமாக இருக்கலாம்.

மாத்திரை எப்படிக் காரணமாகும் என்று சொல்கிறேன். மூளைத் தண்டில் இருக்கும் ஒரு நரம்பணுக் கூட்டம் செரொட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. நாம் விழித்திருக்கும்போது அந்த அணுக்கள் சுறுசுறுப்பாக இருக்கும். தூக்கத்தில் மந்தமாகி, கனவு காணும் உறக்கத்தில் கிட்டத்தட்ட அடங்கிப்போகும். சுரந்த செரொட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதை ஃபுளுவொக்ஸெட்டின் தடுக்கிறது. அதனால் உறக்கத்திலும் செரொட்டோனின் தங்கிவிட, கனவுறக்கம் குறையும், பிந்தி வரும். சிலர் அடிக்கடி முழிப்பார்கள். மனம் தெளிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். தூக்கக் கோளாறோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலர் மருந்தைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான்.

செரொட்டோனின் போன்ற வேதிப்பொருள்களுக்கும் மனதுக்கும் தொடர்பு உண்டு என்ற சந்தேகத்தை வளர்த்த மூலிகை ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது: சர்ப்பகந்தா. இந்திய வைத்தியர்கள் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் அதன் வேரைக் கொடுத்து வந்தார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ இதழில் எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அதை உட்கொண்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். மூளையில் செரொட்டோனின் போன்றவற்றை அது வற்றச் செய்வதும் தெரியவந்தது. அதே 1952இல் அமெரிக்காவில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது, அவர்கள் உற்சாகமாகி நன்றாகச் சாப்பிடத் தொடங்கினார்கள். மனச்சோர்வு மருந்துகள் பிறந்த கதை இதுதான். செரொட்டோனின் குறைந்தால் மனச்சோர்வு என்ற எளிய கணக்கை இன்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை; ஆனாலும் மருந்து பலருக்கு உதவுகிறது.

எல்லா மாத்திரையும் முழிக்க வைப்பதில்லை. அமிட்ரிப்டிலின், மிர்ட்டாசபின் இரண்டும் மூளையில் விழிப்பைத் தாங்கும் ஹிஸ்டமினைத் தடுப்பதால் தூக்கம் வரவைக்கும். அவற்றை இரவில் கொடுப்பார்கள். ஃபுளுவொக்ஸெட்டினைப் பெரும்பாலும் காலையில் கொடுப்பார்கள். அம்மா எப்போது போடுகிறார் என்று பார். இரவில் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேள். பக்கத்து லயத்தில் யாராவது ‘தூக்க மாத்திரை’ என்று கொடுத்தால் வாங்காதே. அமிட்ரிப்டிலின் அளவு மீறினால் இதயத்தையே பாதிக்கும்.

இன்னொன்று, நம் தேத்தண்ணி. நாள் முழுக்க மூளையில் சேர்ந்து களைப்பை உணர்த்துவது அடினோசின். கஃபீன் அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு களைப்பை மறைக்கிறது. குடித்த கஃபீனில் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். தேயிலை ஸ்டோரில் இரவு வேலைக்குப் போகும் அப்பாவுக்காக ஏழு மணிக்கு ஊற்றும் சாயத்தில் அம்மாவும் ஒரு கோப்பை குடித்தால், நள்ளிரவிலும் அதில் பாதி உடம்பில் நிற்கும். ஃபுளுவொக்ஸெட்டின் வகையையே சேர்ந்த ஃபுளுவொக்ஸமின் என்ற வேறொரு மருந்து, கஃபீன் கழியும் நேரத்தைப் பல மடங்கு நீட்டிவிடும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு அம்மாவுக்குத் தேத்தண்ணி வேண்டாம்; கொத்தமல்லித் தண்ணி கொடு.

அம்மா எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது முழித்தார், மாத்திரையை எப்போது போட்டார் என்று ஒரு வாரம் எழுதி, கிளினிக் கொப்பியோடு கொண்டு போ. அவர் நிலைகொள்ளாமல் தவித்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. தேசிய மனநல உதவி எண் 1926. தமிழில் பேச வேண்டும் என்று கேள்.

அன்புடன்,
உன் அக்கா