பண முடைக்கு முன்னே பண்ணைக் குடும்பத்தின் ஆயத்தம்

மழை பொய்க்கப் போவதை வானம் ஓரளவு சொல்லிவிடும். பயிரில் பூச்சி விழுந்தால் இலை காட்டிக் கொடுக்கும். பொருளாதார மந்தம் மட்டும் எங்கோ தொலைவில் தொடங்கி, அறிகுறி எதுவும் இன்றி நம் வீட்டு அடுப்படி வரை வந்துவிடுகிறது. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் திவாலானது. காங்கயம், தாராபுரம், பல்லடம் வட்டாரத்து உழவர் குடும்பங்களில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேட்டிருப்பார்கள்? ஆயினும் வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு பலருக்கு வேலையே நின்றது. மாதம் தவறாமல் ஊருக்கு வந்து கொண்டிருந்த மகனின் பணமும் நின்றது.

இதே நிலை பின்னரும் வந்தது. 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவின்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும், 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி விதித்தபோதும் திருப்பூரை நம்பிய குடும்பங்கள் தவித்தன. காரணம் ஒவ்வொரு முறையும் வேறு. வீட்டுக்குள் நேர்ந்தது ஒன்றே. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் மொத்த உற்பத்தி முந்தைய ஆண்டை விட 23.9 சதவிகிதம் சுருங்கியதாக அரசின் முதல் மதிப்பீடு கூறியது. அதே மூன்று மாதங்களில் வேளாண்மை 3.4 சதவிகிதம் வளர்ந்திருந்தது. அதாவது, வயல் விளைந்தது. கையில் காசு இல்லை. ஆகவே மந்தத்திற்கு ஆயத்தமாவது என்பது விளைச்சலைப் பெருக்குவதை விட, மாதந்தோறும் வீட்டை விட்டு வெளியேறும் ரொக்கத்தைக் குறைப்பதையே பெரிதும் சார்ந்தது என்பது என் கருத்து.

கைச்செலவுக் கணக்கு

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். அதில் பயிர்க் கணக்கு எழுத வேண்டாம். அதைப் பலரும் மனத்திலேயே வைத்திருக்கிறீர்கள். ரொக்கமாகக் கொடுத்தே ஆக வேண்டிய மாதச் செலவை மட்டும் எழுதுங்கள். கணக்கு விளங்குவதற்காக ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். நிலம் மூன்று ஏக்கர். அதில் ஒரு ஏக்கர் கிணற்றுப் பாசனம், இரண்டு ஏக்கர் மானாவாரி. கறவை மாடு இரண்டு. வீட்டில் ஐந்து பேர். மூத்த மகன் திருப்பூரில் வேலை பார்த்து மாதம் 8,000 ரூபாய் அனுப்புகிறான்.

இக்குடும்பத்திற்கு மளிகையும் காய்கறியும் 4,500 ரூபாய், எரிவாயு முதலிய வீட்டுச் செலவு 1,200, பள்ளியும் பேருந்தும் 2,500, தாயாரின் மருந்து 1,300, கைபேசி 500, மாட்டுத் தீவனம் 5,000, கைமாற்றாக வாங்கிய 50,000 ரூபாய்க்கு இரண்டு வட்டி வீதம் 1,000. ஆக மாதம் 16,000 ரூபாய். பால் பணம் 7,200 வருகிறது. மகன் பணத்தோடு சேர்த்தால் 15,200. குறையும் 800 ரூபாயை வெள்ளாமைப் பணம் ஈடுகட்டுகிறது. எல்லாம் சரியாக நடப்பது போல் தோன்றும்.

மகன் பணம் நின்றால் மாதம் 8,800 ரூபாய் துண்டு விழும். ஆறு மாதத்திற்கு 52,800. இதைச் சேமித்து வையுங்கள் என்று சொல்வது எளிது. மூன்று ஏக்கர்க்காரர் அத்தனை பணத்தை எங்கிருந்து ஒதுக்குவார்? ஆகவே சேமிப்பை விட்டுவிட்டு அந்த 16,000 ரூபாயைப் பாருங்கள். பள்ளியிலும் மருந்திலும் கை வைக்கக் கூடாது. குறைக்கக் கூடியவை மூன்று: தீவனம், மளிகை, வட்டி.

தீவனம்

ஐந்தாயிரம் ரூபாய்த் தீவனத்தில் இரண்டாயிரத்தைக் குறைக்க முடியும். பாசனம் உள்ள இடத்தில் மாடு ஒன்றுக்குப் பத்து சென்ட் வீதம் இருபது சென்டில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நடலாம். இரு பருக் கரணைகளை 60 x 50 செ.மீ. இடைவெளியில் நட்டால் 75 முதல் 80 நாளில் முதல் அறுவடை. பிறகு 45 நாளுக்கு ஒரு முறை அறுக்கலாம். புல்லை மட்டும் போட்டால் புரதம் போதாது. வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வேலிமசால், அகத்தி வைத்து, மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறுவகைத் தீவனம் என்ற அளவில் கலந்து கொடுக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பணம் குறைந்த உடனே அடர்தீவனத்தை அடியோடு நிறுத்திவிடுவோர் உண்டு. பால் இறங்கும், பிறகு அந்த 7,200 ரூபாயும் இறங்கும். பசுந்தீவனம் கைக்கு வந்த பிறகே அடர்தீவனத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆதலால் புல் நடுவதற்கு ஏற்ற காலம் மகன் வேலையில் இருக்கும் காலமே.

காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக விட்டு வைத்த மேய்ச்சல் நிலம் அது. கையிலிருந்து காசு கேட்காமல் மாட்டையும் ஆட்டையும் காப்பாற்றுகிறது. மனை விலை ஏறுகிறதென்று அதைத் துண்டு போட்டு விற்றவர்கள் அதன் மதிப்பைத் தீவனக் கடையில் தெரிந்து கொள்கிறார்கள்.

எண்ணெய், பருப்பு, காய்கறி

நிலக்கடலை முழுவதையும் களத்திலேயே விற்றுவிட்டு, அதே ஆண்டில் மாதந்தோறும் எண்ணெய் வாங்கும் வழக்கம் பரவிவிட்டது. நூறு கிலோ காயை உடைத்தால் ஏறத்தாழ 70 கிலோ பருப்பு கிடைக்கும். அதைச் செக்கில் ஆட்டினால் 28 கிலோ அளவுக்கு எண்ணெயும், சுமார் 40 கிலோ பிண்ணாக்கும் வரும். ஐந்து பேருக்கு ஓராண்டு எண்ணெய் அதில் முடிந்துவிடும், பிண்ணாக்கு மாட்டுக்கு. காயை 8 சதவிகித ஈரத்திற்குக் காய வைக்க வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் ஓசை கேட்பது நல்ல அடையாளம். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சாணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்னும் நச்சு உண்டாகும். அத்தகைய காயை நாமும் உண்ணக் கூடாது, மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது. அந்த நச்சு பாலிலும் இறங்கும்.

துவரையைப் பழைய முறைப்படி செம்மண் கட்டிக் காயவைத்துப் பருப்பாக உடைத்து வைத்தால், முழுப் பயறாக வைப்பதை விட வண்டு குறைவாகவே தாக்கும். தானியமும் தட்டும் தரும் சோளத்தை மானாவாரியில் ஒரு பகுதியிலாவது விதையுங்கள். காய்கறிக்குக் கிணற்றடியில் தண்ணீர் வீணாகும் ஐந்து சென்ட் போதும். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் என்றால் ஐந்து பேருக்கு ஒன்றரைக் கிலோ. கத்தரி, வெண்டை, அவரை, கொத்தவரை, கீரை, வரப்பில் முருங்கை என்று பருவம் மாற்றி வைத்தால் இதில் பெரும் பகுதி வீட்டிலேயே கிடைக்கும். மளிகையில் மாதம் ஆயிரம் ரூபாய் குறைவதற்கு இவை போதுமானவை.

வட்டி

இரண்டு வட்டி என்று நாம் சாதாரணமாகச் சொல்வது ஆண்டுக்கு 24 சதவிகிதம். மூன்று வட்டி என்றால் 36. எந்தப் பயிரும் ஆண்டு தவறாமல் அந்த வீதத்தில் லாபம் தராது. நல்ல விலை கிடைத்த பருவத்தில் முதல் வேலையாகக் கைமாற்றுக் கடனை அடைக்க வேண்டும். ஒரே பருவத்தில் முடியாவிட்டால், வீட்டு நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து அந்தக் கடனைத் தீர்த்துவிட்டு, குறைந்த வட்டிக்கு மாறிக் கொள்ளலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கும் பயிர்க் கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை என்பதைத் தமிழக உழவர்கள் அறிவார்கள். தவணை தவறினால் சலுகை போய்விடும் என்பதைத்தான் பலர் மறந்து விடுகிறார்கள்.

இப்போது கணக்கைத் திரும்பப் பாருங்கள். தீவனத்தில் 2,000, மளிகையில் 1,000, வட்டியில் 1,000. மாதச் செலவு 12,000 ஆகிறது. பால் பணம் போகத் துண்டு 4,800. ஆறு மாதத்திற்கு 28,800 ரூபாய். முன்பு 52,800 தேவைப்பட்ட இடத்தில் இது போதும். இரண்டு ஆண்டில் சேர்ப்பதானால் மாதம் 1,200 ரூபாய் ஒதுக்க வேண்டும். அதை ஒதுக்க முடியும். அஞ்சலகத்திலோ வங்கியிலோ மகன் பெயரைத் தவிர்த்து வீட்டுப் பெண்கள் பெயரில் போட்டு வைப்பது நல்லது என்பேன். மிகுந்த வட்டி தருவதாகச் சொல்லும் பதிவில்லாத சீட்டுகளில் போட வேண்டாம். மந்த காலத்தில் முதலில் சரிவது அவைதாம்.

பயிர்ச் செலவு

எங்களைப் போன்ற உழவியல் ஆசிரியர்கள் மீது ஒரு குற்றம் உண்டு. அதிக இடுபொருள், அதிக விளைச்சல் என்றே நாங்கள் பேசிப் பழகிவிட்டோம். விலை இறங்கிய ஆண்டில் மிக அதிக விளைச்சல் மிக அதிக லாபம் தராது. மக்காச்சோளத்திற்குக் கடைசியாக இடும் ஒரு மேலுரத்திற்குக் கூலியுடன் 700 ரூபாய் செலவாகி, அதனால் 40 கிலோ கூடுதலாக விளைகிறது என்று வைத்துக் கொள்வோம். கிலோ 22 ரூபாய்க்கு விற்றால் 880 ரூபாய். 180 ரூபாய் மிச்சம். கிலோ 16 ரூபாய்க்கு இறங்கினால் 640 ரூபாய். 60 ரூபாய் நட்டம். விளைச்சல் அதேதான், வரவுதான் வேறு.

எனவே குறைப்பதானால் கடைசியிலிருந்து குறைக்க வேண்டும். விதை நேர்த்தி, உயிர் உரம், அடியுரம், தக்க பருவத்துக் களையெடுப்பு ஆகியவற்றைக் குறைக்கவே கூடாது. இவை செலவு குறைந்தவை. விட்டுவிட்டால் இழப்பு பெரிது. மண் பரிசோதனை செய்திருந்தால் எந்த உரத்தைக் குறைக்கலாம் என்பது தெளிவாகத் தெரியும். அக்கம்பக்கத்தார் தெளிக்கிறார்களே என்று தெளிக்கும் மருந்தையும் கடைக்காரர் சேர்த்துக் கொடுக்கும் டானிக்கையும் தாராளமாக விட்டுவிடலாம்.

தொழிற்சாலைக்குப் போகும் விளைபொருள்களை மந்தம் அதிகமாகப் பாதிக்கும். 2011-இல் கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்ற ரப்பர் 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனதைக் கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். பூவும் அப்படித்தான், 2020-இல் கோயில்களும் திருமண மண்டபங்களும் மூடப்பட்டதும் பறிக்கும் கூலிக்குக் கூடக் கட்டவில்லை. அத்தகைய பயிர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. நிலம் முழுவதும் அதுவாக இருக்க வேண்டாம். சேமித்து வைக்கக் கூடிய விளைபொருளாக இருந்தால், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெற்று, விலை வரும் வரை பொறுக்கலாம்.

விற்கும் வரிசை

இவ்வளவுக்கும் பிறகு பணம் போதாமல் போகலாம். அன்றைக்கு எதை விற்பது என்று அன்றைக்கு யோசித்தால் தவறு நேரும். சந்தையில் எல்லோரும் ஒரே வாரத்தில் மாட்டைப் பிடித்து வந்தால் விலை என்னவாகும்? வரிசையை இப்போதே நோட்டில் எழுதி வைக்க வேண்டும். முதலில் ஆட்டுக் குட்டிகள். நாலைந்து ஆடு வளர்ப்பது இதற்காகவே. அடுத்து, வீட்டுத் தேவை போக மிஞ்சிய தானியம். அதற்கடுத்து நகையை அடகு வைப்பது. கறவையில் உள்ள மாடு, அடுத்த பருவத்து விதைக்காய், நிலம் ஆகிய மூன்றும் அந்த வரிசையில் இடம் பெறக் கூடாது.

நோய் வந்தால் இந்த வரிசை முழுவதும் ஒரே வாரத்தில் கரைந்து போகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் குடும்பத்தார் எல்லோர் பெயரும் உள்ளதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் வங்கிக் கணக்கிலிருந்தே பிடிக்கப்படும். ஒவ்வொன்றும் இரண்டு லட்ச ரூபாய்க்கு. சம்பாதிக்கும் மகனுக்கு இவ்விரண்டும் கட்டாயம் வேண்டும்.

ஒரு மாத ஒத்திகை

வேலை போய் மகன் ஊருக்கு வந்தால் அவனைச் சுமையாக நினைக்க வேண்டாம். கூலி ஆள் செலவில் ஒரு பகுதி மிச்சமாகும். ஆனால் வந்த சூட்டில் கடன் வாங்கி டிராக்டர் எடுக்கவோ புதிய ஆழ்குழாய்க் கிணறு தோண்டவோ உடன்படாதீர்கள். ஆறு மாதம் போகட்டும்.

புல் அறுவடைக்கு வந்து, கைமாற்றுக் கடனும் தீர்ந்த பிறகு ஏதேனும் ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். திருவிழா மாதமும் பள்ளிக் கட்டண மாதமும் வேண்டாம். அந்த மாதம் மகன் அனுப்பிய 8,000 ரூபாயைத் தொடாமல் அப்படியே அஞ்சலகக் கணக்கில் போட்டுவிட்டுக் குடும்பத்தை நடத்திப் பாருங்கள். எந்தத் தேதியில், எந்தச் செலவுக்குக் கை முடங்கியது என்பதை நோட்டில் குறித்துக் கொள்ளுங்கள். மறு மாதம் அந்த இடத்தைச் சரி செய்துவிட்டு மீண்டும் ஒரு முறை நடத்திப் பார்க்கலாம். ஒத்திகையில் சேர்ந்த பணத்தை எடுத்துச் செலவழித்துவிட வேண்டாம். தேவையான 28,800 ரூபாயில் இரண்டு மாதத்திலேயே 16,000 சேர்ந்திருக்கும்.