நம்பிக்கைகளும் உண்மைகளும்: அபேட்சகரின் ஜாதியும் வாக்காளரின் மனமும்

திருவள்ளூரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையை ஒட்டிய தேநீர்க் கடைகளில், முதல் ஷிப்டுக்காரர்கள் வெளியே வரவும் இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் உள்ளே போகவும் இருக்கிற அந்த அரைமணி நேரத்து அரசியல் சம்பாஷணையைச் செவிமடுத்தவர்கள், நம் நாட்டில் தேர்தல் என்பது வெறும் கூட்டல் கணக்கே என்று முடிவு கட்டிவிடுவார்கள். இன்ன ஊரில் இன்ன ஜாதியார் இத்தனை தலைக்கட்டு, அவர்கள் இன்ன கட்சி, ஆகவே ஜயம் இன்னாருக்கு என்று விரல்விட்டு எண்ணி முடிப்பதற்குள் கண்ணாடித் தம்ளரில் தேநீரும் தீர்ந்துவிடும். அப்படி எண்ணிய ஒரு பெரியவர், மோட்டார் சைக்கிளின் முகப்பில் அம்பேத்கர் படமும் சாவிக் கொத்தில் இரட்டை இலையும் வைத்திருந்தவர், "எங்க ஜனம் மொத்தமும் ஒரே பக்கம்தாங்க" என்று என்னிடம் உறுதிபடச் சொன்னார். அவர் வீட்டில் எப்படி என்று மெல்லக் கேட்டேன். "எம்.ஜி.ஆர். காலத்துலேருந்து ரெட்டை இலைதாங்க. தம்பி மட்டும் உதயசூரியன். பையன் யாருக்குப் போடறான்னு வாயைத் திறக்க மாட்டேங்கிறான்" என்றார். தாம் முன்பின் சொன்ன இரண்டுக்கும் இடையே முரண் ஏதும் உள்ளதாக அவருக்குத் தோன்றவேயில்லை.

இந்த முரணைத்தான் நாம் சற்றே நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு சமூகத்தார் தமக்கென்று ஒரு கட்சி ஏற்பட்டுவிட்டால் அதன் பின்னே திரண்டுவிடுவர் என்பது முதல் நம்பிக்கை. இது இன்று நேற்றுப் பிறந்ததன்று. 1952-ஆம் வருஷத்துப் பொதுத் தேர்தலில் வட தமிழகத்து வன்னியர்களை நம்பி எழுந்த கட்சிகள் ஒன்றல்ல, இரண்டு: எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 ஸ்தானங்களையும், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 ஸ்தானங்களையும் சென்னைச் சட்டசபையில் பெற்றன. ஒரே சமூகம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிற ஒன்று, தன் முதல் பிரவேசத்திலேயே இரு கூறாக நின்றதையும், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் இரு தலைவர்களுமே காமராஜர் மந்திரிசபையில் அமர்ந்து, காங்கிரஸில் தம் கட்சிகள் கரைந்துபோக இசைந்ததையும் எண்ணிப் பார்த்தால், ஜாதி விசுவாசம் என்பது கல்லில் வெட்டிய எழுத்து அல்ல என்பது புலனாகும். 1987 செப்டம்பரில் வன்னியர்களுக்கு இட ஒதுக்கீடு கோரி நடந்த ஒரு வாரச் சாலை மறியலிலும், அதில் 21 பேர் மாண்ட துயரத்திலும் வேரூன்றி, 1989-இல் பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது. அந்தக் கோரிக்கையின் நியாயத்தையோ அந்த உயிர்த் தியாகத்தையோ நான் சிறிதும் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் அக்கட்சி 2016-இல் தனித்து நின்று நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேல் வாக்குப் பெற்றும் ஒரு ஸ்தானமும் பெறவில்லை. நம் கும்மிடிப்பூண்டியை எடுத்துக்கொண்டாலோ, 2011-இல் தி.மு.க. அணியில் நின்றபோதும், 2021-இல் அ.தி.மு.க. அணியில் நின்றபோதும் அது அங்கே தோற்றது. 2011-இல் அங்கே வென்றது விஜயகாந்தின் தே.மு.தி.க.; 2016-இல் அ.தி.மு.க.; 2021-இல் தி.மு.க. பத்தாண்டுகளில் மூன்று கட்சிகளை மாற்றி மாற்றி அனுப்பிய ஓர் ஊரின் ஜாதி விகிதம் மும்முறை மாறியிருக்க முடியாதல்லவா?

2011-இல் பா.ம.க.வும் விடுதலைச் சிறுத்தைகளும் ஒரே அணியில் தோளோடு தோள் நின்றன என்பதையும், ஜன்ம வைரிகள் என்று நாம் வர்ணிக்கும் இரு சாராரின் கூட்டல் கணக்கு அவ்வருஷம் பெருந்தோல்வியில் முடிந்தது என்பதையும் இங்கே ஒரு மூச்சில் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

இரண்டாவது நம்பிக்கை தனித்தொகுதியைப் பற்றியது. தனித்தொகுதியில் தாழ்த்தப்பட்ட சமூகத்தாரே தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அம்பேத்கர் கேட்டது அதுதான். 1932 செப்டம்பர் 24-இல் பூனாவில் ஒப்பந்தமாகிக் கிடைத்தது வேறு. நிற்பவர் அந்தச் சமூகத்தாராக இருக்க வேண்டும், வாக்களிப்பவர் எல்லோருமே என்பது இன்றைய ஏற்பாடு. 2009 முதல் தனித்தொகுதியாக இருக்கும் திருவள்ளூர்ப் பாராளுமன்றத் தொகுதி, இக்காரணத்தாலேயே, நம் விசாரணைக்கு வாய்த்த அருமையான பரிசோதனைச்சாலை ஆகிறது. பிரதான அபேட்சகர் எல்லோருமே தாழ்த்தப்பட்ட வகுப்பினராகவே இருக்குமாறு சட்டமே வகுத்துவிட்ட பிறகு, எதிரெதிரே நிற்பவர்களில் ஒருவரை வேண்டி மற்றவரை வேண்டாதிருக்க அந்த வகுப்பு மட்டும் காரணமாக முடியாது. அப்போது எது காரணம் என்று பார்க்கலாம்.

அ.தி.மு.க.வின் பி. வேணுகோபால் 2009-இல், பா.ம.க. தம் கூட்டணியில் இருக்க, 31,000-க்குச் சற்று மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2014-இல் பா.ம.க. வேறு அணிக்குப் போய்விட்டது. ஆனால் அவரோ, தி.மு.க. அணியில் நின்ற விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் ரவிக்குமாரை 3.23 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். 2019-இல் பா.ம.க. திரும்பி வந்தது, கூடவே தே.மு.தி.க.வும் பா.ஜ.க.வும் வந்தன. அதே தொகுதி, அதே அபேட்சகர், முன்னைக் காட்டிலும் பெரிய கூட்டணி என்றிருந்தும், காங்கிரஸின் கே. ஜெயக்குமாரிடம் 3.5 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்றுப்போனார். 2024-இல் காங்கிரஸின் சசிகாந்த் செந்தில் அந்த வித்தியாசத்தை 5.7 லட்சத்துக்கும் மேலே கொண்டுபோனார். 2014-இல் இங்கே தோற்ற ரவிக்குமார் 2019-இல் விழுப்புரம் தனித்தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாதி மாறவில்லை, மனிதரும் மாறவில்லை, ராஜ்யம் முழுவதும் வீசிய காற்று மாறிற்று. 2014-இல் தமிழ்நாட்டின் 39-இல் 37-ஐ அ.தி.மு.க. அள்ளியதும், 2019-இலும் 2024-இலும் தி.மு.க. அணி அவ்வாறே அள்ளியதும் யாரும் அறிந்த செய்தி.

ஆகவே என் அபிப்பிராயம் இது: ஜாதி தீர்மானிப்பது பெரும்பாலும் அபேட்சகரை, வாக்கை அன்று. பொதுத்தொகுதியில் இரு பெரிய கட்சிகளும் அவ்வூரில் எண்ணிக்கை மிகுந்த ஜாதியிலிருந்தே ஆளைப் பொறுக்கி நிறுத்துகின்றன. எவர் வென்றாலும் அந்த ஜாதியார் வென்றவராகிறார். மறுநாள் பத்திரிகையில் ஜாதி வென்றது என்று எழுதுகிறோம். குதிரைப் பந்தயத்தில் குதிரைகளை மட்டுமே ஓடவிட்டு, குதிரை ஜயித்தது என்று ஆச்சரியப்படுவது போன்ற சமாசாரம் இது.

இந்தத் தொகுதியில் இன்னார் நூற்றுக்கு நாற்பது என்ற பேச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் நீங்கலாக மற்ற ஜாதிகளை முழுமையாக எண்ணி வெளியிட்ட கணக்கு 1931-இல் எடுத்ததுதான். எல்லா ஜாதியையும் மீண்டும் எண்ணுவதென்று மத்திய அரசு தீர்மானித்ததே 2025-இல். ஒவ்வொரு சங்கமும் சொல்லும் விகிதங்களைக் கூட்டிப் பார்த்தால் நூற்றைத் தாண்டி வெகுதூரம் போய்விடும்.

ஆனால் எதிர்ப்புறத்தாரின் நம்பிக்கையும் அத்தனை சுத்தமானதன்று. தொழிற்சாலை வந்தால் ஜாதி கரையும், ஒரே இயந்திரத்தின் முன் நின்றவன் ஒரே வர்க்கமாவான் என்று சொல்பவர்கள், 1921-ஆம் வருஷத்துச் சென்னை பின்னி ஆலை வேலை நிறுத்தத்தை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். திரு.வி.க. போன்றோர் வளர்த்த தொழிற்சங்கம் அறைகூவிய அந்தப் போராட்டத்தில், ஆதிதிராவிடத் தொழிலாளரில் பலர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆலைக்குள் ஒரே தறியில் கை வைத்தவர்கள் வெளியே தெருவில் எதிரிகளாயினர். ஆதிதிராவிடரை ஒதுக்கி வைத்த ஊர், போராட்டம் என்றதும் அவர்கள் உடன் நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்த அநியாயத்தை நாம் மறந்துவிடலாகாது. இன்றும் காக்களூரிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் கான்ட்ராக்ட் வேலைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி, முதலில் தன் ஊர்த் தெருவுக்குத்தான் போன் போடுகிறார். மத்தியான வேளையில் டிபன் பாக்ஸ் திறக்கும் வட்டங்களைச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு ஊர்களின் வரைபடமே தெரியும். கலியாணத்திலும் சுடுகாட்டிலும் ஜாதி அணுவளவும் தளரவில்லை. வாக்குச்சாவடிக்குள் அது அதே பலத்துடன் நுழைகிறது என்ற அனுமானத்தை மட்டுமே நான் மறுக்கிறேன்.

அமெரிக்காவில் நிறத்துக்கும் கட்சிக்கும் உள்ள பந்தம் ஜன்ம பந்தம் என்று கருதுவோரும் நம்மிடையே உண்டு. அங்கே கறுப்பின மக்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பது மெய்யே. ஆயினும் அடிமைத்தளையை அறுத்த லிங்கனின் கட்சி என்பதால் வாக்குரிமை இருந்த இடங்களில் அவர்கள் பல தலைமுறை குடியரசுக் கட்சியில் இருந்தவர்கள். 1936-இல் ரூஸ்வெல்ட்டின் பொருளாதாரத் திட்டங்கள் அவர்களைத் திருப்பின. 1956-இலும் ஐசனோவருக்குப் பத்தில் ஏறக்குறைய நால்வர் வாக்களித்தனர். 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்த வருஷத்தில்தான் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஒரே பக்கம் சாய்ந்தது. மெக்ஸிகோ எல்லையோரத்தில், ஸ்பானிய வழியினர் நூற்றுக்கு 97 பேர் வாழும் டெக்ஸாஸின் ஸ்டார் கவுண்டி, நூறாண்டுக்கு மேலாக ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்துவிட்டு 2024-இல் டிரம்புக்கு வாக்களித்தது. விசுவாசத்துக்கு அங்கேயும் சரித்திரமும் காரணமும் உண்டு. ரத்தம் மட்டும் போதவில்லை.

இந்த எண்களையெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அடுத்த வாரம் அதே கடையில் அந்தப் பெரியவரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார், வேணுகோபாலின் வெற்றியையும் தோல்வியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், தலையையும் ஆட்டினார். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அதெல்லாம் சரிங்க, இந்தத் தடவை யாரை நிறுத்தறாங்களாம், அவரு நம்ம ஆளா?" என்று கேட்டார். பேட்டைக்குள் சங்கு ஊதிற்று. பதிலுக்குக் காத்திராமல் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.