வண்டி போன பிறகு

கேள்வி: மீன் ஏற்ற இரண்டு குளிர்சாதன வண்டிகளைக் கடனில் வாங்கிக் கொச்சிக்கு ஓட்டினேன். பெரிய நிறுவனம் ஒன்று வாடகையைக் குறைத்ததும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தவணை நின்றது, வண்டிகள் போய்விட்டன. மச்சான் கொடுத்த பணமும் போனது. அவர் முகத்தில் விழிக்கக் கூசுகிறது. தெரிந்தவர் தன் ஐஸ் கம்பெனியில் வேலைக்குக் கூப்பிடுகிறார். முதலாளியாக இருந்த ஊரிலேயே கைகட்டி நிற்பதா? தோல்விதான் வெற்றிக்கு முதல் படி என்கிறார்கள். எனக்கு எந்தப் படியும் தெரியவில்லை.

- வாசகர், தூத்துக்குடி

பதில்: தம்பி, அந்தப் படிப் பேச்சை விட்டுவிடுவோம். உங்கள் ஊரில் கப்பல் விட்ட வ.உ.சி.க்கே இன்னொரு கப்பல் கிடைக்கவில்லை.

1906 அக்டோபரில் அவருடைய சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், 10 லட்சம் மூலதனம் என்பது திட்டம். 1907இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. கொழும்புப் பாதையை அதுவரை கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, கட்டணத்தை ஒரு ரூபாய் வரை இறக்கியது. பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்ளவும் துணிந்தது. உங்களுக்கு நடந்ததேதான். அவருக்கோ அரசாங்கமும் எதிரி. 1908 மார்ச்சில் கைது, ஜூலையில் 40 ஆண்டுத் தண்டனை, மேல்முறையீட்டில் 6 ஆண்டு. அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது.

1912 டிசம்பரில் வெளியே வந்தவரிடம் கப்பலும் இல்லை, வக்கீல் தொழிலுக்கு உரிமமான சன்னதும் இல்லை. சென்னையில் சில்லறை வியாபாரம் செய்து பிழைத்தார். பிற்பாடு சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸின் நினைவாகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். சிறையிலேயே ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கத் தொடங்கியவர், குறளுக்கு உரை எழுதினார், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். போன கப்பலை இவை எதுவும் மீட்டுத் தரவில்லை. அவர் இறந்தது 1936இல். உங்கள் ஊர்த் துறைமுகத்துக்கு அவர் பெயர் வந்தது 2011இல். அந்தப் பெயர்ப் பலகையைக் காட்டி உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கடற்கரையில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. சிப்பி இல்லாதது கடலடிப் பாரின் குறை. மூச்சடக்கி இறங்கியவனின் குறை என்று யாரும் சொன்னதில்லை. குளியாட்கள் அதே மூச்சோடு சங்குக்கு இறங்கினார்கள்.

நீங்களும் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். வாடகையைக் குறைத்தது பெரிய நிறுவனம். கையிருப்பு இல்லாமல் இரண்டாவது வண்டி வாங்கியது நீங்கள். முதலாவதற்கு உங்களைத் தண்டித்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவதை மழுப்ப வேண்டாம். எந்த மீன் எத்தனை மணி நேரம் தாங்கும், எந்தச் சந்தையில் எப்போது விலை ஏறும் என்று ஓட்டிப் படித்தது உங்களிடம்தான் இருக்கிறது. ஐஸ் கம்பெனிக்கு அதுதான் தேவை. போங்கள்.

அதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமை மச்சானை நேரில் பாருங்கள், போனில் வேண்டாம். சம்பளத்தில் மாதம் எவ்வளவு தர முடியும் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தொகை சிறியதாக இருந்தால் இருக்கட்டும்.