எண்களை ஒப்பிடும் முன்: செவிலியரா, சுவாச சிகிச்சையாளரா?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பொருளியல் கற்பிக்கிறேன். உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பும் என்னிடம் உள்ளது. எங்கள் மாணவர்களுக்கு வேலை என்றதும் நினைவுக்கு வருவது, அதிகாலையில் ஊர் முனையில் வந்து நிற்கும் கம்பெனிப் பேருந்துதான். பிளஸ் டூ முடித்தவுடன் கையில் சம்பளம் என்பது சிறிய ஈர்ப்பு அல்ல. மேலே படி என்று சொல்லும் ஆசிரியர், அதற்கான கணக்கையும் காட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கை மாணவர்களே போடும்படி அமைத்த வகுப்பு இது.

பிளஸ் டூ உயிரியல் பிரிவு மாணவி ஒருவர் கைப்பேசியில் ஓர் அமெரிக்கச் சம்பள அட்டவணையைக் காட்டினார். "ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்டுக்கு நர்ஸைவிடச் சம்பளம் அதிகம்னு போட்டிருக்கு, மிஸ். அதையே எடுக்கலாமா?" இந்தக் கேள்வியையே பாடமாக்கினோம்.

செயல்பாடு 1: அட்டவணையை வாசித்தல்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அமைப்பின் 2023 மே மாதக் கணக்குப்படி, சுவாச சிகிச்சையாளரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 77,960 டாலர். 'பிராக்டிகல் நர்ஸ்' ஊதியம் 59,730 டாலர். வேறுபாடு 18,230 டாலர், அதாவது ஏறத்தாழ 30.5 சதவீதம் என்று மாணவர்கள் கண்டனர். இடைநிலை என்பது தொடக்கச் சம்பளம் அல்ல, வரிசையின் நடுவில் நிற்பவரின் சம்பளம் என்பதையும் இங்கேயே விளக்கினேன்.

அடுத்து, "பிராக்டிகல் நர்ஸ் என்பவர் யார்?" என்று கேட்டேன். அங்கே அவர் ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சி பெற்றவர். பதிவு பெற்ற செவிலியர் என்பவர் வேறு. அவருடைய இடைநிலை ஊதியம் 86,070 டாலர். இந்த மூன்றாவது வரியைச் சேர்த்ததும் வரிசை மாறிவிட்டது. நம் ஊரில் 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்துப் பதிவு செய்பவரை ஒப்பிட வேண்டியது இந்த மூன்றாவது வரியோடுதான். பெயர் ஒன்றாக இருந்தாலும் பணி ஒன்றல்ல.

செயல்பாடு 2: நம் ஊர் அட்டவணை

நான்கு தலைப்புகளில் குழுக்கள் தகவல் திரட்டின.

படிப்பு: இரண்டும் பட்டப்படிப்புகள். சுவாச சிகிச்சையில் உள்ளுறைப் பயிற்சியும் சேர்த்து 4 ஆண்டுகள். மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கான கலந்தாய்வில் இரண்டும் இடம்பெறுகின்றன.

பதிவு: செவிலியர் கல்விக்கு 1947 முதலே தேசிய அளவில் சட்டம் உண்டு. சுவாச சிகிச்சை உள்ளிட்ட துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல்தான் வந்தது.

அரசுப் பணி: தமிழகத்தில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியரைத் தேர்வு செய்கிறது. பலர் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, காலியிடம் வரும்போது காலமுறை ஊதியத்துக்கு மாறுகின்றனர். எய்ம்ஸ் செவிலிய அலுவலரின் தொடக்க அடிப்படை ஊதியம், 7-ஆவது ஊதியக் குழுவின்படி மாதம் ரூ.44,900. சுவாச சிகிச்சையாளருக்கான அரசுப் பணியிடங்கள் மிகக் குறைவு.

வேலையிடம்: 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையில் முதலுதவி மருத்துவ அறை வேண்டும் என்று விதித்தது. அங்கே செவிலியர் தேவை. ஆக, செவிலியர் படிப்புக்கு எங்கள் ஊர் ஆலைகளிலேயே இடம் உண்டு. சுவாச சிகிச்சையாளர் பெரும்பாலும் வென்டிலேட்டர் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணிபுரிபவர். பெரிய மருத்துவமனைகளை நாடிச் செல்ல வேண்டும். கொரோனா காலம் அவர்களின் தேவையை எல்லோருக்கும் உணர்த்தியது.

செயல்பாடு 3: வாய்ப்புச் செலவு

ஆலையில் மாதம் ரூ.15,000 கிடைக்கும் என்று வைத்துக்கொண்டோம். 4 ஆண்டுகள் படித்தால் இழப்பது ரூ.7,20,000. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வீதம் 48 மாதங்களில் ரூ.48,000 வரும். மீதி ரூ.6,72,000. படித்தபின் ஆலைச் சம்பளத்தைவிட ரூ.10,000 கூடுதலாகக் கிடைத்தால், இதை ஈடுகட்ட 67 மாதங்களுக்கு மேல் ஆகும். கட்டணம் தனி. இந்தத் தொகையை மறைத்துவிட்டுப் "படி" என்று மட்டும் சொன்னால் வீட்டில் எடுபடாது. அதன்பின் வரும் முப்பது ஆண்டுகளையும் சேர்த்துக் காட்டினால் பெற்றோர் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

தனியார் மருத்துவமனைச் சம்பளத்தை மாணவர்களே விசாரிக்கட்டும். "உங்கள் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்காமல், "புதிதாகச் சேர்பவருக்குக் கைக்கு எவ்வளவு வரும்? ஐந்தாண்டுக்குப் பின்? இரவுப் பணி எத்தனை நாள்? விடுதிச் செலவு யாருடையது?" என்று கேட்கப் பழக்கவும்.

எதை எடுப்பது என்று நான் சொல்லவில்லை. அந்த மாணவி இரண்டு படிப்புகளையும் பட்டியலில் வைத்து, செவிலியர் படிப்பை முதலில் எழுதினார். "வேலை ஊருக்குப் பக்கத்துலயும் கிடைக்கும், மிஸ்" என்பது அவர் சொன்ன காரணம். அது அவரே கண்டடைந்தது.

வணிகவியல் பிரிவு மாணவிகள் மூவரும் அன்று ஆர்வத்தோடு கணக்குப் போட்டனர். ஆனால் இந்த இரு பட்டப்படிப்புகளுக்கும் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். அவர்களுக்கு அந்தக் கதவு பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையிலேயே மூடிவிட்டது. எனவே இந்தப் பாடத்தைப் பத்தாம் வகுப்பில், பாடப்பிரிவு தேர்வு செய்யும் முன்பே நடத்துங்கள். ஒரு கணக்குப் பாடவேளையும் ஒரு சமூக அறிவியல் பாடவேளையும் போதும்.