வீட்டுக்கு வாங்கும் சிறு ஸ்பீக்கர்: மொத்த வாட்டும் நிகர வாட்டும்

இரவு கடையைப் பூட்டி வீடு சேர்ந்தபின் அரை மணி நேரம் பாட்டுக் கேட்பது நம் உறுப்பினர்கள் பலருக்கும் வழக்கம். அதற்கென அலமாரியில் வைக்கத்தக்க சிறு ஸ்பீக்கர் ஜோடி வாங்க விரும்புவோர், சரக்குப் பார்த்து வாங்கும் அதே கண்ணோடு இதையும் பார்க்க வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் '2000 வாட்' என்றிருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்றிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். சாக்கோடும் ஈரத்தோடும் நிறுத்த எடை அது. அதைக் கணக்கிடப் பொது விதி கிடையாது. தயாரிப்பாளர் வைத்ததே கணக்கு. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதே நிகர எடை. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நிதானமாகக் கேட்க ஓரிரு வாட்டே செலவாகும் என்றால் பலர் நம்புவதில்லை. 20, 30 வாட் ஆர்.எம்.எஸ். இருந்தால் தாராளம்.

வாட்டைவிட முக்கியம் சென்சிடிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பதே அது. இதில் 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரு மடங்கு வாட் வேண்டும். 90 டெசிபல் ஸ்பீக்கர் 5 வாட்டில் தரும் சத்தத்தை, 84 டெசிபல் ஸ்பீக்கர் தர 20 வாட் கேட்கும். ஆம்ப்ளிபயர் சிறியதென்றால் இந்த எண்ணை விசாரிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். 4 ஓம் மாட்டலாம் என்று ஆம்ப்ளிபயரின் பின்புறம் எழுதியிருந்தாலன்றி 8 ஓம் ஸ்பீக்கரே பாதுகாப்பு.

இனி காதால் சோதிப்பது. கடைக்காரர் போடும் பாட்டு அவர் சரக்கை விற்கத் தேர்ந்தெடுத்தது; நமக்குப் பழகிய பாட்டைப் போடச் சொல்ல வேண்டும். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் இழைந்து வரும் பாட்டை நம் பக்கத்தில் அறியாதவர் யார்? நாதஸ்வரம் காதைக் குத்தாமலும், குரல் மூக்கடைத்தது போலில்லாமலும் கேட்டால் ஸ்பீக்கர் தேறியது. தவிலின் கனத்த முழக்கம் மட்டும் 4 அங்குலக் கூம்பில் மெலிந்துதான் வரும். அது வேண்டுவோர் 5 அல்லது 6½ அங்குலம் பார்க்கவும்.

வீட்டில் வைக்கும்போது சுவர் மூலையில் அழுத்தி வைத்தால் எல்லாம் 'கும்'மென்று கேட்கும். பின்புறம் ஓர் அடியாவது விடுங்கள். சிறிய கூம்பு காது உயரத்துக்கு வரட்டும். இரண்டு ஸ்பீக்கரிலும் சிவப்பு வயர் சிவப்பில், கறுப்பு வயர் கறுப்பில்தானா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் மாறினால் கனத்த ஒலியே காணாமல் போகும். நல்ல ஸ்பீக்கரைப் பழுதென்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

நம் ஊர்க்காரர்களுக்கென்று தனியாக ஒன்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலத்தில் வெல்லம் கசிவதும் அப்பளம் நமத்துப்போவதும் நாம் அறிந்ததே. தென்காசி, இலஞ்சி, குற்றாலம் வீடுகளில் அதே ஈரம் ஸ்பீக்கரையும் தாக்கும். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ஸ்பாஞ்சாக இருந்தால் சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் விளிம்பே நமக்கு ஏற்றது. பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கமும் பாருங்கள். மரத்தூள் பலகையின் ஓரம் மூடப்படாமல் தெரிந்தால், இரண்டு சீசனில் அது உப்பிவிடும்.